உல்கும் கணக்கும்

அரசனுக்குரிய பொருள்களைத் திருவள்ளுவர் மூன்றாக வகுத்தார். உடையவர் இன்மையால் தானே வந்துறும் பொருள் ஒன்று. உல்கு பொருள் மற்றொன்று. பகைவரை வென்று கொள்ளும் திறை மூன்றாவது. 'பொருள் செயல்வகை' அதிகாரத்துள் (குறள் 756) வரும் உல்கு என்பதற்குச் சுங்கம் எனப் பொருள் கண்டார் பரிமேலழகர். கலத்திலும் காலிலும் வரும் பண்டங்களுக்கு இறுக்கும் இறை அது என்பது அவர்தம் விளக்கம்.

அவ்வுல்கு கொள்ளும் களத்தைக் காவிரிப்பூம்பட்டினத்தில் வைத்துக் காட்டுகிறது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை. கதிரவனின் தேர்க்குதிரைகளைப் போல் ஓய்வறியாது உல்கு கொள்கின்றனர் காவலர். கடலில் முகந்த நீரை மேகம் மலையில் பொழிவதும், அந்நீர் மீண்டும் கடலைச் சேர்வதும் போல, நீரினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று நீருக்கும் பண்டங்கள் மாறிச் செல்கின்றன. அவற்றின்மீது சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்படுகிறது. அப்பண்டங்கள் அளந்தறிய இயலாதன என்கிறார் புலவர். ஆயினும் சுங்கம் கொள்பவன் அளந்தே தீரவேண்டும். எண்ணாமலும் நிறுக்காமலும் விலை மதிக்காமலும் இறையின் பங்கைப் பிரிக்க வழியில்லை.

இக்கணக்கு எவ்வாறு நடந்தது என்பதை அறியச் சேரரின் முசிறிக்குச் செல்லவேண்டும். யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறும். அங்குப் புறப்பட்ட சரக்கு எகிப்தில் இறக்குமதியானபோது எழுதப்பட்ட கணக்கு ஒன்று இன்றும் எஞ்சியுள்ளது. வியன்னாவில் உள்ள, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கிரேக்கப் பாப்பிரசு ஏடு 1985இல் பதிப்பிக்கப்பெற்றது. அதன் ஒருபுறத்தில் கடன் ஒப்பந்தம் உள்ளது. செங்கடற்கரையில் இறங்கிய சரக்கை ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவழியே காப்போடு காப்டசு நகர்க்குக் கொணர்வது. பின்னர் நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்கில் சேர்ப்பது. அங்குக் கடன் தந்தவரின் முத்திரையின் கீழ் வைப்பது என அது வரையறுக்கும். புகாரில் புலி முத்திரை; அலெக்சாந்திரியாவில் வணிகர் முத்திரை.

மறுபுறத்தில் 'எர்மபொல்லோன்' என்னும் கப்பலின் சரக்கு மதிப்பிடப்பட்டுள்ளது. கங்கைநாட்டுச் சடாமாஞ்சி 60 பெட்டி. பெட்டி ஒன்றுக்கு 4,500 திரக்மா வீதம் 2,70,000 திரக்மா. தாலந்து ஒன்றுக்கு 6,000 திரக்மா ஆதலின் இது 45 தாலந்து ஆயிற்று. முழுத் தந்தமும் தந்தத் துண்டும் ஒரே விலையில் அடக்கப்படாமல் தனித்தனியே மதிக்கப்பட்டன. உரோமப் பேரரசின் கீழைச் சுங்கம் நாலில் ஒரு பங்கு. ஏட்டில் உள்ளது அது கழிந்த முக்கால் பங்கின் கணக்கு என ஆய்வாளர் பலர் கொள்வர். அவ்வாறாயின் 80 பெட்டியுள் 20 பெட்டி இறையாயிற்று. எஞ்சிய சரக்கின் மொத்த மதிப்பு 1,154 தாலந்துக்கு மேல் ஆதலின், சுங்கமே ஏறத்தாழ 385 தாலந்து ஆகும். ஒட்டகக் கூலியும் காவற்கூலியும் படகுக் கூலியும் இதற்குப் புறம்பானவை. அத்தனையையும் தாங்கிய பின்னரே வணிகன் தன் ஊதியத்தை எண்ண முடிந்தது.

நாலில் ஒன்று பெருஞ்சுமையே. எனினும் வணிகனுக்கு அதனினும் கொடியது அளவு தெரியாத சுமை. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பொறித்த அபய சாசனம் இதனை உணர்த்தும். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கலங்களின் பொருளை முன்னைய அரசர் முழுதும் கவர்ந்தனர் என அது சொல்கிறது. இனி முப்பதில் ஒரு பங்கே கொள்வதாக உறுதி கூறுகிறது. வரையறுத்த வீதமே வணிகனுக்கு அபயம் ஆயிற்று.

இவற்றுக்கிடையே முதற் குலோத்துங்கன் (1070-1120) தனித்து நிற்கிறான். 1086இல் நிலத்தை அளப்பித்த அவனைத் தமிழுலகம் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே நினைவில் கொண்டுள்ளது. கொண்ட இறையினும் விட்ட இறையே அவனுக்குப் பெயராயிற்று.

இன்றும் இந்தியச் சுங்கத்துறை இறக்குமதிப் பொருளின் விலையோடு கப்பற்கூலியும் காப்பீடும் சேர்த்தே மதிப்பைக் கணக்கிடுகிறது. எண்ணுதல், நிறுத்தல், மதித்தல், பங்கிடல் என்னும் முறை மாறவில்லை. வணிகர் எழுதிய ஏடு அதன் தொகையைக் காத்தது. அங்கு உறங்காது நின்ற மனிதரையும் முற்றத்தில் குவிந்த பண்டத்தையும் காத்தது புலவர் பாட்டு. இவற்றுள் ஒன்று இல்லையேல் சுங்கத்தின் வரலாறு பாதியே.