காட்டுக்கு ஒரு கத்தி

செப்டம்பர் மாதம், கனடாவின் அல்கான்குவின் பூங்கா. இரண்டு நாளாக விடாத மழை. பூங்கா வாசலில் வாங்கிய விறகுக்கட்டு மேலெல்லாம் நனைந்து கிடந்தது. குழந்தைகளுக்குக் கை விறைக்க ஆரம்பித்துவிட்டது. எப்படியும் தீ மூட்டியாக வேண்டும். என்னிடம் இருந்தது ஏழு அங்குல நீளமும் ஆறு மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, கறுப்புப் பூச்சுப் பூசிய ஒரு மடங்காத கத்தி. நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பார்த்தாலே பயம் வரும்.

நனைந்த விறகுக்குள் பெரும்பாலும் காய்ந்த மரம் இருக்கும். விறகைப் பிளந்து, அந்த உள்மரத்தைச் சுருள் சுருளாகச் சீவிக் கொத்தாக விட்டால் மழையிலும் தீப்பிடிக்கும். பிளக்கும் வேலையை என் கத்தி நன்றாகவே செய்தது. சீவச் சொன்னால்தான் மறுத்தது. ஒன்று வழுக்கிக்கொண்டு போனது, இல்லையென்றால் மரத்தைக் கட்டியாகப் பெயர்த்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் ஒருவர் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பிடி போட்ட, மீன் கடையில் கிடப்பதைப் போன்ற ஒரு சின்னக் கத்தியை நீட்டினார். பென்சில் சீவுவதைப் போல மரம் சுருண்டு வந்தது. பத்து நிமிடத்தில் தீ. கத்தியின் விலையைக் கேட்டேன். இருபது டாலருக்குப் பக்கம் என்றார்.

அந்தக் கத்தி சுவீடனில் மோரா என்ற ஊரில் செய்யப்படுவது. டாலர்னா மாகாணத்தில் சில்யான் ஏரிக்கரையில் உள்ள ஊர். (ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயமான வாசாலொப்பெட் முடிவதும் இங்கேதான்.) மோராவை ஒட்டிய ஓஸ்ட்னோர் கிராமத்தில் கத்தி செய்வது பல தலைமுறைத் தொழில். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் 1891இல் மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்ய அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். கத்தியும் அதில் செய்தார்கள். கடைசியில் வண்டி போய்க் கத்தி நின்றது. அதே கிராமத்தில் 1912இல் கே.ஜே. எரிக்சன் என்ற இன்னொரு கத்தித் தொழிற்சாலை வந்தது. 2005இல் இரண்டும் ஒன்றாயின. இன்று மோராக்னீவ் என்ற பெயரில் விற்பது இந்த நிறுவனத்தின் கத்திகள்தான். விறகுவெட்டி, தச்சர், மீனவர், பள்ளிக்கூடத்தில் மரம் செதுக்கும் பையன் என்று எல்லோர் கையிலும் இருக்கும் கருவி இது. காட்டுவாழ்வுக் கலையைக் கற்றுக்கொடுத்த கனடியர் மோர்ஸ் கோசான்ஸ்கி (2019இல் காலமானார்) தன் மாணவர்களுக்குப் பரிந்துரைத்ததும் இந்த மலிவுக் கத்தியைத்தான்.

தடிமனான கத்தி உறுதியானது என்ற நினைப்பில் பாதி உண்மை இருக்கிறது. தகடு வளைய மறுக்கும் தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 2.5 மி.மீ. அலகைவிட 5 மி.மீ. அலகு எட்டு மடங்கு விறைப்பாக இருக்கும். பாறை இடுக்கில் செருகி நெம்ப வேண்டுமென்றால் இது உதவும். ஆனால் காட்டில் மூன்று நாள் தங்குகிறவர் கத்தியால் செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டுப் பாருங்கள்: கயிறு அறுப்பது, கூடார முளை சீவுவது, வெங்காயம் நறுக்குவது, மீன் சுத்தம் செய்வது, சுள்ளி பிளப்பது. நெம்புவது அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது? மற்ற வேலைகளிலெல்லாம் தடிமன் எதிரிதான். அலகு மரத்துக்குள் போகப் போக அதன் முதுகு மரத்தை இரண்டு பக்கமும் தள்ளியாக வேண்டும். தள்ளும் பலம் நம் மணிக்கட்டிலிருந்து வருகிறது. களைத்த கை அதிகமாக அழுத்தும். அதிகமாக அழுத்திய கத்திதான் வழுக்கிக்கொண்டு வந்து தொடையில் ஏறும்.

வடஐரோப்பியக் கத்திகளின் இன்னொரு தனித்தன்மை அவற்றைத் தீட்டியிருக்கும் விதம். அலகின் பாதி உயரத்துக்குக் கீழே தொடங்கி ஒரே சரிவாக, தட்டையாக, கூர் விளிம்பு வரைக்கும் இறங்கும். இரண்டு பக்கச் சரிவும் சேரும் கோணம் இருபத்தைந்து பாகைக்குச் சற்று முன்பின் இருக்கும். இதனால் இரண்டு லாபம். உளியைப் போல மரத்தில் பதிந்து சீவும். சாணைக்கல்லில் தீட்டும்போது கோணத்தைக் கையால் கணக்குப் போட வேண்டாம்; அந்தச் சரிவைக் கல்மேல் படிய வைத்து முன்னும் பின்னும் தள்ளினால் போதும். முதல்முறை கத்தி தீட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் மடங்காத கத்தியின் முதுகெலும்பு. மோராவின் சாதாரண கம்பேனியன் மாதிரியில் அந்த வால் பிடியின் கடைசி வரை போவதில்லை. ஒல்லியாக உள்ளே பாதிக்கு மேல் போய் நின்றுவிடும். சுள்ளிக்கும் மணிக்கட்டுப் பருமனுள்ள விறகுக்கும் அது தாங்கும். கத்தியை விறகின்மேல் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பதைத் தினசரி வேலையாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது போதாது. நடுவில் ஒரு படி, அதே வகையில் 3.2 மி.மீ. தடிமனுள்ள ஹெவி ட்யூட்டி மாதிரி. விலை கொஞ்சம்தான் கூடுதல். இன்னும் வேண்டுமென்றால் வால் பிடியின் நுனி வரை போகும் கார்பெர்க். இது 2016இல் வந்தது. விலை கம்பேனியனைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. என்னைக் கேட்டால், முதல் கத்தி வாங்குகிறவர் நேராக அதற்குப் போக வேண்டாம். எந்தக் கத்தியாக இருந்தாலும் கணுவுள்ள கட்டையில் அடிக்காதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் எஃகும் நொறுங்கும் தன்மை அடையும். உறைந்த மரத்தில் கூர் பெயர்ந்துபோகும். அடிக்குமுன் கத்தியைக் கோட்டுக்குள் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றிக்கொள்வது நல்லது.

அடுத்தது எஃகு. கடையில் இரண்டு வகை வைத்திருப்பார்கள்: கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு. நம் வீட்டு அரிவாள்மனை முதல் வகை. புளியும் மாங்காயும் பட்டுப் பட்டுக் கறுத்துப்போய், ஆனால் தக்காளியைத் தொட்டவுடன் அறுக்குமே, அதே இனம். மோராவின் கார்பன் கத்தியில் ஏறக்குறைய ஒரு சதவீதம் கார்பன் உண்டு. எளிதாகத் தீட்டலாம், கூர் நன்றாக ஏறும்; ஈரமான உறையில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்புள்ளி தெரியும். இரண்டாவது வகையில் அவர்கள் பயன்படுத்தும் சான்ட்விக் 12சி27 என்ற எஃகில் 0.6 சதவீதம் கார்பனும் 13.5 சதவீதம் குரோமியமும் இருக்கின்றன. ராக்வெல் அளவில் இரண்டின் கடினத்துக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு புள்ளிதான். கையில் அது பெரிதாகத் தெரியாது. ஏரி, படகு, மீன், மழை என்று போகிறவர் துருப்பிடிக்காததையே வாங்கட்டும். கார்பன் வாங்குகிறவர் துடைத்து எண்ணெய் தடவத் தயாராக இருக்க வேண்டும். (தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தடவலாம், ஆனால் 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும், கனடாவில் வருடத்தில் முக்கால்வாசி நாள் கத்தி மெழுகு பூசியதுபோல இருக்கும்.) தீக்கோலை உரசிப் பொறி கிளப்ப கார்பன் எஃகுதான் வேண்டும் என்பது தவறு. அதற்குத் தேவை கத்தி முதுகில் கூரான செங்கோண விளிம்பு. பழைய முறையில் சிக்கிமுக்கிக் கல்லில் அடிப்பதற்குத்தான் கார்பன் எஃகு கட்டாயம்.

பிடி அழகாக இல்லாவிட்டாலும் ஈரக் கையில் வழுக்காமல் இருக்க வேண்டும். உலோகம் வெளியே தெரியும் பிடி குளிர்காலத்தில் கையை உறையவைக்கும். டீட் கலந்த கொசு மருந்து சில பிளாஸ்டிக்குகளையும் ரப்பரையும் இளக்கிவிடும். மருந்து தடவிய கையோடு கத்தியைப் பிடிக்காதீர்கள். உறை தோலா பிளாஸ்டிக்கா என்றால், மழைக்குப் பிளாஸ்டிக். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். தலைகீழாகப் பிடித்து உதறினால் கத்தி விழக்கூடாது.

வாங்கக் கூடாததும் உண்டு. 1982இல் வந்த முதல் ராம்போ படத்துக்குப் பிறகு, பிடிக்குள் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் வைக்கும் கத்திகள் கடைகளில் குவிந்தன. படத்துக்காக ஜிம்மி லைல் செய்த கத்தி நல்ல கைவேலை. அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள் பலவற்றில் அலகும் பிடியும் ஒரு சின்ன மரையாணியில் நிற்கும். கட்டையில் நாலு அடி அடித்தால் தனித்தனியாக வந்துவிடும். முதுகில் ரம்பப் பல் உள்ள கத்தியும் வேண்டாம். அந்தப் பல் மரத்தை அறுக்காது, அடிக்கும் கட்டையைத்தான் கிழிக்கும். அறுக்க வேண்டுமென்றால் ஒரு மடக்கு ரம்பம் வாங்குங்கள். சின்னக் கத்தியும் மடக்கு ரம்பமும் சேர்ந்து செய்யும் வேலையை எந்தப் பெரிய கத்தியும் தனியாகச் செய்யாது. “அறுவை சிகிச்சை எஃகு” என்று மட்டும் எழுதி, எஃகின் பெயரைச் சொல்லாத கத்தியின் தரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். நம்மவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கனடாவில் அலகின் நீளத்துக்கு நாடு தழுவிய வரம்பு கிடையாது. ஆனால் பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்தி தடைசெய்யப்பட்டது. எந்தக் கத்தியையும் ஆயுதமாக ஒளித்து எடுத்துப் போவது குற்றம். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலகு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியைத் தவிர வேறு எதையும் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்க முடியாது. கத்தியின் தாயகமான சுவீடனிலேயே இப்படியொரு தடை உண்டு. காட்டுக்குப் போவது தக்க காரணம். திரும்பி வந்து காரின் கையெட்டும் பெட்டியிலேயே ஒரு மாதம் விட்டுவைத்திருப்பது அல்ல. போகும்போதும் வரும்போதும் கூடாரச் சாமான்களோடு பையின் அடியில் கட்டி வைப்பதே நல்லது. விமானத்தில் உறையோடு நன்றாகச் சுற்றிப் பதிவுசெய்யும் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

குழந்தைகளிடம் கத்தியைக் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். சுவீடனிலும் நார்வேயிலும் பள்ளிக்குப் போகுமுன்பே கொடுக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. மோராவில் இதற்கென்றே நுனி மழுங்கிய, விரல் வழுக்காமல் தடுப்பு வைத்த சின்னக் கத்தி உண்டு. விதிகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்துதான் சீவ வேண்டும். கையை நீட்டினால் யார்மேலும் படாத தூரம் வேண்டும். கத்தி உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். தொடைகளுக்கு நடுவில் வைத்துச் சீவவே கூடாது. அங்கே ஓடும் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான், காட்டில் ஆம்புலன்ஸ் அத்தனை சீக்கிரம் வராது. முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டு, முழங்காலுக்கு முன்னால் சீவட்டும். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்கக் கூடாது, விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். இதைப் பெரியவர்களுக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

என் தடித்த கத்தி இப்போது கார் நிறுத்துமிடத்து அலமாரியில் இருக்கிறது. பெயின்ட் டப்பா மூடியை நெம்ப அதைப்போல ஒன்று கிடையாது.