நெகட்டிவைத் தொடாத எடிட்டர்கள்

கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிவதற்குள்ளேயே "வீடியோ எப்பத் தருவீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கெங்குவார்பட்டி ஆனாலும் சரி, பெரியகுளம் ஆனாலும் சரி, இதில் மாற்றமே இல்லை. படம் எடுத்தவர் வீட்டுக்கு வந்து 4கே காட்சிகளை லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தால்... கெட்டிமேளம் கேட்கிறது, தாலி கட்டும் கை மட்டும் அப்படியே நிற்கிறது. கடையில் போய்க் கேட்டால் 'புது லேப்டாப் வாங்குங்க' என்பார்கள். ஒரு முகூர்த்த சீசனின் வருமானம் அதிலேயே காலி. அந்தச் செலவுக்கு முன் பழைய சினிமா எடிட்டிங் அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. இந்தத் தொல்லைக்கு மருந்து கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

35 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 16 பிரேம்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் சுமார் 11 நிமிடம்தான். கேமராவிலிருந்து வரும் நெகட்டிவ் ஒன்றே ஒன்று. அதில் கீறல் விழுந்தால் நடிகரை மறுபடி கூப்பிட வேண்டும், செட்டை மறுபடி போட வேண்டும். அதனால் எடிட்டர் நெகட்டிவைத் தொடவே மாட்டார். லேபில் அதிலிருந்து ஒரு பாசிட்டிவ் பிரதி போடுவார்கள். அதற்குப் பெயர் ரஷ் பிரிண்ட். ஐவன் செரூரியர் 1924-ல் உருவாக்கிய மூவியோலா இயந்திரத்தில் ஓடியதெல்லாம் இந்த நகல்தான். வெட்டலாம், ஒட்டலாம், பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடி ஒட்டலாம். கையில் அழுக்கு பட்டாலும் கவலையில்லை.

'பராசக்தி'யை (1952) கிருஷ்ணனுடன் சேர்ந்து இயக்கிய பஞ்சு, 'பஞ்சாபி' என்ற பெயரில் எடிட்டிங்கையும் அவரே பார்த்தார். அந்த இரட்டையரிடம் எடிட்டிங் உதவியாளராகத் தொடங்கியவர்தான் பின்னாளில் 'பா' வரிசைப் படங்களை எடுத்த பீம்சிங். அவர் மகன் லெனினும் எடிட்டர். ஒரு தொழில் இப்படிக் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

நகலில் வெட்டியது அசலுக்கு எப்படிப் போகும்? பிலிமின் ஓரத்தில் ஓடும் எண்கள்தான் வழி. நெகட்டிவின் ஓரத்தில் இருக்கும் எண் நகலிலும் விழுந்திருக்கும். எடிட்டர் வேலையை முடித்த பிறகு, நெகட்டிவ் கட்டர் அந்த எண்களைப் பார்த்து அசலை வெட்டுவார். ஒட்டும் இடத்தில் பக்கத்து பிரேம் கெட்டுவிடும். ஆகவே தவறான எண்ணில் கத்தரி வைத்தால் போனது போனதுதான். கணக்குப்பிள்ளை தப்பாக எழுதினால் அடித்துத் திருத்தலாம், இங்கே அதுவும் முடியாது!

கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே தந்திரம்தான். 1971-ல் வந்த சி.எம்.எக்ஸ் 600 தரம் குறைந்த கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான் காட்டியது. 1989-ல் அறிமுகமான அவிட்டும் ஆரம்பத்தில் மங்கலான படத்தை வைத்தே வேலை செய்தது. எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய அது போதும். இந்தியாவில் அவிட்டில் எடிட் செய்யப்பட்ட முதல் படம் என்று கமல்ஹாசன் நடித்த 'மகாநதி'யை (1994) சொல்வார்கள்.

இடையில் ஒரு பொற்காலம் வந்தது. 1995-ல் டி.வி. என்ற டிஜிட்டல் டேப் முறை வந்தது. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறக்குறைய 13 ஜி.பி. ஆனால் சாதாரண பென்டியம் 4 கம்ப்யூட்டரிலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். காரணம், அதில் ஒவ்வொரு பிரேமும் தனியாகச் சுருக்கப்பட்டது. வரிக்கு வரி இருப்புத்தொகை போட்ட பாஸ்புக் மாதிரி. எந்த வரியைத் திறந்தாலும் இருப்பு தெரியும்.

2003-ல் எச்.டி.வி. வந்தது. அதே ஆண்டு எச்.264 முறையும் ஒப்புதல் பெற்றது. இவற்றில் முழுப் படம் எப்போதாவது ஒன்றுதான். மற்றதெல்லாம் 'முன்னதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்பு. அதாவது இருப்பே எழுதாத பாஸ்புக். 17-ம் தேதி இருப்பு வேண்டுமென்றால் 1-ம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். போதாததற்கு, பின்னால் வரும் வரவையும் பார்த்துத்தான் சில வரிகளை நிரப்ப முடியும். பைல் சின்னதானது, கணக்கு கனமானது. போனில் எடுத்த வீடியோ லேப்டாப்பில் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். பலர் ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்று நினைத்துக்கொண்டு பழைய ஆல்பங்களை அழிப்பது பரிதாபம்.

ஆக, மறுபடியும் ரஷ் பிரிண்ட்! இப்போது அதற்குப் பெயர் பிராக்ஸி. பைனல் கட் ப்ரோ எக்ஸில் 2011-லும், அடோபி பிரீமியர் ப்ரோவில் 2016-லும் இந்த வசதி வந்தது. 3840க்கு 2160 அளவுள்ள படத்தை 960க்கு 540 ஆக்கினால் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்கு. நகலை ப்ரோரெஸ் போல ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்கும் வடிவத்தில் செய்தால் கூட்டல் வேலையும் மிச்சம். பழைய லேப்டாப்பிலும் தாலி கட்டும் கை அசையத் தொடங்கும்.

நெகட்டிவ் கட்டரின் எண்கள் இருந்த இடத்தில் இப்போது இருப்பது பைல் பெயர். பாதி வேலையில் அசல் பைலுக்கு 'முகூர்த்தம் புதுசு' என்று பெயர் மாற்றினால் மென்பொருள் அசலைத் தேடி விழிக்கும். நல்லவேளை, இங்கே பிரேம் எதுவும் கெடாது. பழைய பெயரை வைத்தால் தீர்ந்தது.

கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல்தான் ஓட வேண்டும், நகல் அல்ல. அப்போது லேப்டாப் மெதுவாகத்தான் போகும். ராத்திரி ஓட விட்டுத் தூங்கலாம். சார்ஜரைச் செருகியாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரியில் ஓடினால் பல லேப்டாப்புகள் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.