உதிரிப் பாகங்களும் உயிரணுவும்

திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் தொழிற்பூங்கா வழியே செல்வோர், வாகன உதிரிப் பாகங்கள் லாரிகளில் ஏறிச் செல்வதைக் காண்பர். ஒரு தொழிற்சாலையில் செய்த போல்ட்டு, மற்றொன்றில் செய்த நட்டில் பிசகின்றிப் பொருந்துகின்றது. இரண்டும் ஒரே அளவை ஏற்றமையே காரணம். உயிரணுவின் பகுதிகளையும் இவ்வாறு அளவு வகுத்துச் செய்து, ஒன்றோடொன்று கோத்து, நாம் வேண்டும் பணியைச் செய்விக்கலாமா? இவ்வினாவிலிருந்து வளர்ந்த துறையே செயற்கை உயிரியல்.

இதன் முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். ஹர் கோவிந்த் குரானா, பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில், ஏறத்தாழ 100 பேரே வாழ்ந்த ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் தோன்றினார். கிராமக் கணக்கரான தந்தையார் வறுமையிலும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இங்கிலாந்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற குரானாவுக்கு 1949இல் தாயகத்தில் வேலை கிடைக்கவில்லை; மீண்டும் கடல் கடந்தார். 1968இல் நோபல் பரிசு பெற்றார். 1970இல், 77 இணை எழுத்துகள் கொண்ட ஈஸ்ட் மரபணு ஒன்றை வேதிப்பொருள்களாலேயே ஆக்கி முடித்ததாக அறிவித்தார். 1976இல், அவர் குழுவினர் ஆக்கிய வேறொரு மரபணு உயிருள்ள பாக்டீரியாவினுள் செயற்பட்டது.

ஆற்றலோடு அச்சமும் வந்தது. மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறை தோன்றியபோது, ஆபத்து விளைக்கக்கூடிய சோதனைகளை நிறுத்தி வைக்குமாறு 1974இல் அறிவியலாளர் சிலரே சக ஆய்வாளரை வேண்டினர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் கூடி, நெறிகளை வகுத்தனர். அறிவின் வரலாற்றில் அரிதான தன்னடக்கம் இது.

2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டாம் நைட் என்பவர் மரபணுத் துண்டுகளுக்குப் பொது அளவு வகுத்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய மாணவர் போட்டியில், ஒருவர் செய்த துண்டைப் பிறரும் பயன்படுத்தினர். சென்னை ஐ.ஐ.டி. மாணவரும் அதில் பங்கேற்றுள்ளனர். 2006இல் ஜே கீஸ்லிங் குழுவினர், செடியிலிருந்து பெறப்பட்டு வந்த மலேரியா மருந்தின் மூலப்பொருளை ஈஸ்டே தரும்படி செய்தனர்.

2010இல் கிரெய்க் வென்ட்டர் குழுவினர், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளாலான ஒரு பாக்டீரியாவின் முழு மரபுத்தொகுதியையும் ஆக்கினர். ‘செயற்கை உயிர்’ என்று உலகம் வியந்தது. ஆயினும் அவ்வெழுத்துகள் பெரும்பாலும் இயற்கையிலிருந்து படியெடுத்தவை. அவற்றை ஏற்று இயங்கிய உயிரணுவோ முன்னரே உயிரோடிருந்தது. அதனை மனிதன் படைக்கவில்லை, பெற்றுக்கொண்டான்.

பழுதான போல்ட்டைத் தொழிற்சாலை திரும்பப் பெறலாம். உயிரணுவோ வெளியே சென்றால் தானே பெருகக்கூடும். எனவே இத்துறைக்குக் கைத்திறன் மட்டும் போதாது. அசிலோமாரில் கண்ட தயக்கமும் வேண்டும். நம் பிள்ளைகளும் நாளை இவ்வாய்வுக் கூடங்களுக்குச் செல்வர். திறமையோடு அத்தயக்கத்தையும் அவர்களுக்குக் கற்றுத்தருவது நம் கடமையன்றோ?