வைரத்தின் ஒளியும் மறுக்கப்பட்ட பட்டமும்

கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிர் பட்டதும் சில கற்கள் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிர்கின்றன. கதிரின் ஆற்றலைப் பெற்ற எலக்ட்ரான் மேல்நிலைக்கு எழுகிறது. மீண்டும் இறங்குகையில் அவ்வாற்றலில் ஒரு பகுதி படிகத்தின் அதிர்வாகக் கழிகிறது. எஞ்சியது ஒளியாக வெளிப்படுகிறது. ஆற்றல் குறைவதாலேயே புலப்படாத கதிர் புலப்படும் நிறமாகிறது. 1852இல் ஸ்டோக்ஸ் இந்நிகழ்வுக்கு ஃப்ளூர்ஸ்பார் என்னும் கனிமத்தைக் கொண்டே ‘ஃப்ளூரசன்ஸ்’ எனப் பெயரிட்டார். தமிழில் இதனை ஒளிர்தல் என்கிறோம். கதிரை நிறுத்திய பின்னும் ஒளி நீடித்தால் அது நின்றொளிர்தல்.

ஆனால், ஒரே கனிமத்தில் ஒரு கல் ஒளிர, மற்றொன்று இருண்டு கிடப்பது ஏன்? ஒளிர்பவையும் வெவ்வேறு நிறம் காட்டுவது ஏன்? வைரத்தை முன்வைத்து இக்கேள்வியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. இராமனின் குழு 1940களில் ஆராய்ந்தது. அக்குழுவில் ஒருவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, 1940இல் உதவித்தொகையுடன் பெங்களூரு சென்றவர்.

முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை அவர் ஆராய்ந்தார். படிகத்தைத் திரவக் காற்றின் வெப்பநிலைக்குக் குளிர்வித்து, மங்கிய ஒளியின் நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிய வேண்டும். ஒரு பதிவுக்கே பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. நீலமாக ஒளிரும் வைரங்களில் 4152 ஆங்ஸ்ட்ராம் கோடும், பச்சையாக ஒளிர்பவற்றில் 5032 ஆங்ஸ்ட்ராம் கோடும் மேலோங்கி நின்றன.

இவ்வொளிர்வு வைரத்தின் உள்ளமைப்பிலேயே உள்ள இயல்பு, மாசினால் விளைவதன்று என இராமன் கருதினார். 1959இல் கைசரும் பாண்டும் வைரத்துள் நைட்ரஜன் இருப்பதைக் காட்டினர். படிகத்தில் கார்பன் அணு இல்லாத ஒரு வெற்றிடத்தை மூன்று நைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்தால் நீலமும், இரண்டு சூழ்ந்தால் பச்சையும் தோன்றும் என்பது இன்றைய தெளிவு. விளக்கம் மாறிற்று, அக்கோடுகள் மாறவில்லை. இன்றும் இரத்தினவியலார் வைரத்தை வகைப்படுத்த அவ்விரு கோடுகளையும் தேடுகின்றனர்.

1942 முதல் 1945 வரை ஒளிர்வு பற்றித் தம் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகளை வெளியிட்ட அன்னா மணி, 1945 ஆகஸ்டில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். கழகத்தின் ஆய்வுகளுக்கு அந்நாளில் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். முதுகலைப் பட்டம் இல்லை என்பதைக் காரணம் காட்டி, அது பட்டத்தை மறுத்தது. ஆய்வில் குறை காணப்பட்டதால் அன்று. தகுதிச் சான்றுகளில் ஒன்று குறைந்ததால்.

அவர் அரசு உதவித்தொகையில் இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைக் கற்றார். 1948இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். நிக்டியிலிருந்து பழைய மும்பை நெடுஞ்சாலை வழியே நகருக்குள் வந்தால், சிவாஜிநகரில் அத்துறையின் அலுவலகம் இன்றும் இயங்குகிறது. அயல்நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட வானிலைக் கருவிகள் இங்கேயே உருவாக அவர் வழிவகுத்தார். 1957–58 பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டையொட்டிச் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார்.

பட்டம் மறுக்கப்பட்ட அந்த ஆய்வேடு பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு ஒன்றாக, அவற்றைப் போலவே கட்டமைக்கப்பட்டு இருக்கிறது. புறத்தோற்றத்தில் வேறுபாடு ஏதுமில்லை.