பைத்தானில் பிழை கையாளல்

பைத்தானில் பிழை கையாளல் என்பது, பைத்தான் நிரலாக்க மொழியில் எழுதப்பட்ட நிரல் இயங்கும்போது நேரும் பிழைகளைப் பிடித்து, அவற்றுக்குரிய நடவடிக்கையை மேற்கொள்ளும் முறையாகும். இத்தகைய பிழைகள் விதிவிலக்குகள் எனப்படுகின்றன. கைடோ வான் ரோசம் 1991 இல் வெளியிட்ட முதற் பதிப்பிலேயே இவ்வசதி இருந்தது.

செயற்படும் விதம்

சி மொழியில் ஒரு செயற்கூறு தோல்வியுற்றால் பொதுவாக ஓர் எண்ணைத் திருப்பியனுப்பும். அதனைச் சோதிக்க மறந்தால் நிரல் தவறான தரவுடன் தொடர்ந்து ஓடும். பைத்தானில் பிழை நேர்ந்த இடத்திலேயே செயற்கூறு நின்றுவிடும். விதிவிலக்கு அதனை அழைத்த செயற்கூற்றுக்கும், பின் அதற்கு மேலுள்ளதற்கும் செல்லும். எங்கும் பிடிக்கப்படாவிடின் நிரல் நின்று, பிழை வந்த வழி வரி எண்களுடன் திரையில் தோன்றும். ஐயத்துக்குரிய கூற்றுகள் 'டிரை' பகுதியிலும், பிழை நேர்ந்தால் செய்ய வேண்டியவை 'எக்செப்ட்' பகுதியிலும், எவ்வாறாயினும் செய்தாக வேண்டியவை 'ஃபைனலி' பகுதியிலும் எழுதப்படும்.

தமிழ் உரையில் பிழைகள்

தமிழ் உரையைக் கையாளும் நிரலாளர் அடிக்கடி சந்திப்பது குறியேற்றப் பிழையாகும். கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள குழித்துறையின் பெயரை எடுத்துக்கொள்வோம். இதில் எழுத்துகள் 5. ஒருங்குறிக் குறியீடுகள் 10. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் பைட்டுகள் 30. முதல் 10 பைட்டுகளை மட்டும் வெட்டி உரையாக்க முயன்றால், நான்காம் குறியீடு அரைகுறையாக நிற்பதால் பைத்தான் விதிவிலக்கை எழுப்பும்.

'இக்னோர்' என்னும் தெரிவைக் கொடுத்து இதனை அடக்கலாம். அப்போது 'குழ' மட்டுமே எஞ்சும். பிழைச்செய்தி ஏதும் வராது. அதே பெயரை ஆஸ்கிக்கு மாற்றுகையில் 'இக்னோர்' வெற்றுச் சரத்தையும், 'ரீப்ளேஸ்' பத்துக் கேள்விக்குறிகளையும் தரும். முகவரிப் பட்டியலொன்றை இவ்வாறு மாற்றி மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிட்டால், ஊர்ப் பெயரை அக்கோப்பிலிருந்து மீட்க வழியில்லை. பழைய திஸ்கி கோப்பை லத்தீன்-1 எனத் திறந்தாலும் பிழை எழாது. லத்தீன்-1 எந்த பைட்டையும் ஏற்கும். கிடைப்பது படிக்கவியலாத குறிகளே (இதில் பைட்டுகளேனும் அழிவதில்லை).

பைத்தான் 2 பைட்டுகளையும் ஒருங்குறி உரையையும் ஆஸ்கி வழியாகத் தானே இணைக்க முயலும். ஆங்கிலத் தரவில் ஒழுங்காக ஓடிய நிரல், முதல் தமிழ்ப் பெயர் வந்ததும் நிற்பது இதனாலேயே. 2008 இல் வெளிவந்த பைத்தான் 3 இவ்விரண்டையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தது. பைத்தான் 2 க்கான ஆதரவு 2020 சனவரியில் முடிவுற்றது.

வகை குறிப்பிடாத 'எக்செப்ட்' எல்லா விதிவிலக்குகளையும், பயனர் விசைப்பலகையில் தரும் நிறுத்தக் கட்டளையையும்கூட, விழுங்கிவிடும். எதிர்பார்க்கும் பிழையின் வகையைக் குறிப்பிட்டு, மாற்றவியலாத வரிகளை மூல பைட்டுகளுடன் தனிக் கோப்பில் பதிந்துவைப்பதே தக்க முறையாகும்.