ரம்பப் பல் ஏன் சாய்ந்திருக்கிறது?

மரம் அறுக்கும் கை ரம்பத்தைத் திருப்பிப் பிடித்து, பல் வரிசையை நீளவாக்கில் பாருங்க. பல்லெல்லாம் ஒரே கோட்டில் நிற்காது. ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிச் சாய்ந்திருக்கும். தகடு 1 மி.மீ. கனம் என்றால் அது போகிற வழி அதைவிட அகலமா இருக்கணும். இல்லையென்றால் நாலு இழுப்பிலேயே மரம் தகட்டைக் கவ்விக்கொள்ளும்.

இதை ரோமாபுரியின் பிளினி எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். நம்ம முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே ஆள்தான். பச்சை மரத்தூள் பல்லிடுக்கை அடைத்துவிடும், அதனால்தான் பல்லை இருபுறமும் மாற்றி மாற்றி வளைக்கிறார்கள் என்கிறார்.

வளைப்பதற்குப் பழைய கைக்கருவிகள் ரொம்ப எளிமையானவை. ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் உள்ள இரும்புப் பட்டை ஒன்று. பல்லை வெட்டுக்குள் மாட்டி லேசா முறுக்கணும். இன்னொரு வழி, ரம்பத்தைக் கட்டைமேல் படுக்க வைத்து, ஒன்றுவிட்டு ஒரு பல்லை ஆணி முனையால் தட்டுவது. பல்லின் மேல்பாதி மட்டும்தான் வளையணும். அடியோடு வளைத்தால் உடைந்துவிடும். பிறகு முக்கோண அரத்தால் அராவிக் கூர் ஏற்றுவார்கள். ஈர வேம்புக்குச் சாய்வு அதிகம், காய்ந்த தேக்குக்குக் குறைவு. அளவு ஆசாரியின் கண்ணில் இருந்தது.

இந்தக் கணக்கின் மறுமுனை எங்க மாவட்டத்திலேயே இருக்கிறது. சிவகாசிப் பட்டாசு ஆலைகள் சூழ்ந்த வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழகத் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்கள் நிறையக் கிடைத்தன. சங்கை வளையல் வளையலாக அறுக்கவும் ரம்பம்தான். அகநானூறு 24-ஆம் பாடலில், வளையல்களை அறுத்தெடுத்தபின் மிஞ்சும் சங்கின் தலைப்பகுதி, பகன்றை மொட்டுக்கு உவமையாக வருகிறது. அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் அது.

மரத்தில் வழி அகலமானால் வீணாவது தூள். சங்கில் வீணாவது வளையல். சங்கு மரம் மாதிரி விரிந்து தகட்டைக் கவ்வவும் செய்யாது. ஆகவே அங்கே பல் சாய்வு குறையக் குறைய லாபம் என்பது என் கணிப்பு. ரம்பம் துருவாகிப் போகும். அது போன வழி சங்கில் அப்படியே நிற்கும். பாதியில் நின்ற வெட்டு எங்காவது கண்ணில் பட்டால், முதலில் அதன் அகலத்தைத்தான் அளக்கணும்.

இப்போது கடையில் கிடைக்கும் ரம்பங்களில் பல, பல்லை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியவை. ரொம்ப நாள் கூர் நிற்கும். ஆனால் அரம் வழுக்கும், வளைத்தால் பல் முறியும், மழுங்கினால் குப்பைதான். எங்க தொழில் பாஷையில் சொன்னால், மாற்ற முடியாத டீஃபால்ட் செட்டிங். வேம்பா தேக்கா என்று பார்த்து முடிவெடுக்கும் வேலை ஆசாரியிடமிருந்து ஆலைக்குப் போய்விட்டது.

உங்க வீட்டுப் பரணில் வெட்டுப் போட்ட இரும்புப் பட்டை ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. ஒரு ஆசாரியிடம் காட்டிக் கேளுங்க.