நடு அடுக்கின் கதை



"அப்ளிகேஷன் சர்வர்னா என்ன சார்?" என்று கேட்பவருக்கு ஹாஸ்டல் மெஸ்ஸைக் காட்டினால் போதும். சாப்பிடுகிறவர் ஹாலில், சமையல் உள்ளே, நடுவில் பரிமாறுகிறவர். முந்நூறு பேரும் தட்டோடு சமையல்கட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும்? டேட்டாபேஸின் கதையும் அதேதான். முன்னே பயனாளியின் திரை, பின்னே டேட்டாபேஸ். நடுவில் நின்று கூட்டத்தைச் சமாளிப்பது அப்ளிகேஷன் சர்வர். ஏதோ இன்டர்நெட் வந்தபின் பிறந்தது என்று எண்ண வேண்டாம். வயது அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது!

மின்கட்டணத்தில் பிறந்த குழந்தை

1968-ல் ஐ.பி.எம். நிறுவனம், மின்சார நிறுவனங்கள் போன்றவை தங்கள் வாடிக்கையாளர் விவரங்களை டெர்மினலில் உடனுக்குடன் பார்க்க ஒரு மென்பொருள் செய்தது. அடுத்த ஆண்டே அது சி.ஐ.சி.எஸ். என்ற பெயரில் பொது விற்பனைக்கு வந்தது. ஒய்.டூ.கே. வேலைக்காகக் கடல் கடந்த நம்மவர்கள் பலருக்கு இது பழகிய பெயர். ஒரு பரிவர்த்தனை முழுதாக முடிய வேண்டும், இல்லையேல் நடக்கவே நடக்காதது போல் ஆக வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி.

1983-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், யூனிக்ஸ் கணிப்பொறிகளுக்காக டக்ஸிடோ உருவாகத் தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் கேட்கும் வேலையைச் சில சர்வர் புரோகிராம்களே பகிர்ந்து முடிக்கும் ஏற்பாடு இது. டேட்டாபேஸ் மூச்சுத் திணறாது.

90-களின் தொடக்கத்தில் எல்லாரும் இரண்டடுக்கு முறைக்குத் தாவினார்கள். ஒவ்வொரு பி.சி.யும் நேரடியாக டேட்டாபேஸைத் தொட்டது. பத்துப் பேருக்குச் சரி, ஆயிரம் பேருக்கு? ஒரு சின்னத் திருத்தம் என்றாலும் ஒவ்வொரு மேஜையாகப் போய் இன்ஸ்டால் செய்யணும். அனுபவப்பட்டவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்!

வெப் வந்ததும் நடு அடுக்கு மீண்டும் அரியணை ஏறியது. டக்ஸிடோவை 1996-ல் வாங்கிய பி.இ.ஏ., 1998-ல் வெப்லாஜிக்கையும் வாங்கியது. அதே ஆண்டு ஐ.பி.எம்.மின் வெப்ஸ்பியர் வந்தது. 1999 டிசம்பரில் ஜே2இ.இ. என்ற பொது இலக்கணம் வெளியானது. டாம்கேட், ஜேபாஸ் போன்றவை இலவசமாகவே கிடைத்தன. 2008-ல் பி.இ.ஏ.வை ஆரக்கிள் சுமார் 850 கோடி டாலருக்கு வாங்கியது.

இன்ஸ்டால் செய்தால் போதுமா?

'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்தினால் சர்வர் ஏறிவிடும். வேலை அதற்குப் பிறகுதான். உதாரணத்துக்கு டேட்டாபேஸ் இணைப்புகள். நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 50 இணைப்புகளுக்கு அனுமதி என்றால், டேட்டாபேஸ் 200-ஐத் தாங்க வேண்டும். அது 150-க்குத்தான் தயார் என்றால் கூட்டம் கூடுகிற நாளில்தான் குட்டு வெளிப்படும். சர்வரை ரூட் கணக்கில் ஓட்டாமல் தனிக் கணக்கில் ஓட்டுவது, நிர்வாகத் திரையை வெளியுலகுக்குத் திறந்து வைக்காமல் இருப்பது, அடுக்குக்கு அடுக்கு ஃபயர்வால் போட்டுத் தேவையான போர்ட்டை மட்டும் திறப்பது, பாஸ்வேர்டை வெறும் எழுத்தாக ஃபைலில் விடாமல் காப்பது, இவையெல்லாம் அலங்காரமல்ல, வேலி.

வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் சாட்சி. நடு அடுக்கில் ஓடும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. அந்நிறுவனத்தின் ஒரு வெப்சைட்டில் மட்டும் அதைப் போடவில்லை. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். அந்த வெப்சைட்டுக்கு உரியவை மூன்று டேட்டாபேஸ்கள்தான். ஆனால் உள்ளே மறைக்கப்படாத பாஸ்வேர்டுகள் கிடைத்தன. தடுப்புச் சுவரும் இல்லை. சம்பந்தமே இல்லாத மேலும் 48 டேட்டாபேஸ்கள் வரை போய்விட்டார்கள். ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. ஜூலை இறுதியில்தான் விஷயமே தெரிந்தது. ஓர் அடுக்கு விழுந்ததில் வியப்பில்லை. அடுத்த அடுக்கு தடுக்காததுதான் சோகம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

2013-ல் டாக்கர், 2014-ல் ஸ்பிரிங் பூட் வந்தன. டாம்கேட் இன்று புரோகிராமுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஜே2இ.இ.யும் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் போய் ஜகார்த்தா இ.இ. ஆகிவிட்டது. "இனி சர்வரை யார் சார் கான்ஃபிகர் பண்றாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். பெட்டி சின்னதாகிவிட்டது, தம்பி. உள்ளே இருக்கும் கேள்விகள் அதேதான். எத்தனை இணைப்பு? யாருக்கு எந்தக் கதவு? பாஸ்வேர்டு எங்கே? பாதியில் கரன்ட் போனால் கணக்கு என்ன ஆகும்? இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவருக்கு, எந்தப் பெயரில் எந்த சர்வர் வந்தாலும் பயமில்லை.